கெடாத உடம்பு

என் புருஷன் செத்தது ஐம்பத்து நாலாம் வருஷம். அவரை நான்தான் கொன்றேன் என்று சூரமங்கலத்துக்குத் தெரிய வந்தது ஐம்பத்தெட்டில். இடைப்பட்ட காலமெல்லாம் என் கையால் இட்லி வாங்கித் தின்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை ஒருத்தரும் யோசித்துப் பார்க்கவில்லை.

என் பெயர் செல்வமேரி. அவர் பெயர் சின்னப்பராஜ், லோகோ ஷெட்டில் ஃபிட்டர். அவர் போன பிறகு ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, ஷெட்டுக்குப் போகிற வழியில் ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, வாசலில் இட்லிக்கடை போட்டேன். மகன் யாகப்பனுக்கு அதே ஷெட்டில் கலாசி வேலை கிடைத்தது. அப்பாவைப் போலவே அவனுக்கும் பேச்சு குறைவு, சாப்பாடு அதிகம். குழம்பு நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டான், தட்டை மறுபடி நீட்டுவான். எனக்கு அது போதும். உலகத்தில் எனக்கு இருந்தது அவன் ஒருத்தன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் என் மாமியார் அன்னாள் செத்துப்போனாள். அவள் செவ்வாய்ப்பேட்டையில் சின்ன மகன் மிக்கேல் வீட்டில் இருந்தாள். மிக்கேல் என் கொழுந்தன். நான் கல்யாணமாகி வந்தபோது அவன் டவுசர் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அவனுக்குத் தலை வாரி விட்டவள் நான். இப்போது தோல் மண்டியில் மேஸ்திரி.

எங்கள் குடும்பத்துக்குக் கோயில் கல்லறைத் தோட்டத்தில் சொந்தக் கல்லறை உண்டு. மாமனார் இருந்தபோதே கட்டி வைத்தது. தரைக்குக் கீழே செங்கல் தொட்டி, மேலே ஒரு பெரிய கல். வீட்டில் ஒருவர் செத்தால் கல்லை நகர்த்தி, முன்னால் போனவரின் எலும்பைப் பொறுக்கி வெள்ளைத் துணியில் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, புதுப் பெட்டியை இறக்குவோம். மாமனாரை அப்படி ஓரமாக்கித்தான் என் புருஷனை வைத்தோம். அப்போது செங்கல் உதிர்ந்துகொண்டிருந்தது. ஷெட்டுக்காரர்கள் சிமெண்டு கொண்டுவந்து உள்ளே நாலு பக்கமும் தரையும் வழவழவென்று பூசிக் கொடுத்தார்கள். இனி எலி வராது, எறும்பு வராது என்று எனக்குக்கூட நிம்மதியாக இருந்தது.

மாமியார் பெட்டியை வெளியே வைத்துக்கொண்டு எல்லோரும் நிற்கிறோம். குழி வெட்டுகிற காத்தான் கடப்பாறை போட்டுக் கல்லை நெம்பினான். கல்லில் ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது. பிண வாடை இல்லை. கெட்டுப்போன நெய்யையும் பழைய சோப்பையும் ஒன்றாகப் போட்டு மூடிவைத்த மாதிரி. தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர். காத்தான் வாளியால் இறைத்துவிட்டு உள்ளே இறங்கினான். இறங்கினவன் அதே வேகத்தில் மேலே வந்துவிட்டான்.

"அப்படியே இருக்காருங்க" என்றான்.

நான் எட்டிப் பார்த்தேன். பெட்டியின் மூடி உளுத்து விழுந்திருந்தது. உள்ளே எலும்பு இல்லை, என் புருஷன் இருந்தார். உருகி உறைந்த மெழுகுவத்தி மாதிரி வெள்ளையும் மஞ்சளுமாக. மூக்கு கொஞ்சம் சப்பையாகியிருந்தது, கன்னம் இருந்தது, நெற்றி இருந்தது. அவர்தான்.

பெண்கள் அந்தச் சேற்றிலேயே முழங்கால் போட்டுவிட்டார்கள். கோவாவில் சவேரியார் உடம்பு கெடாமல் இருக்கிறதே, அதேபோல இதுவும் சாமி செய்த புதுமை என்று ஒருத்தி அழுதாள். இன்னொருத்தி அவருடைய சட்டைத் துணியில் ஒரு துண்டு கேட்டாள். ஒரு நிமிஷத்தில் அவரைக் கோயிலில் வைத்துக் கும்பிடுகிற அர்ச்சியசிஷ்டவர் ஆக்கிவிட்டார்கள். என் புருஷனை! சாமியார் பிரசங்கத்தை ஆரம்பித்தால் பீடி பிடிக்க வெளியே போகிற மனுஷன். தவக்காலத்தில் கறி வாசனை வந்தால் யார் வீடு என்று விசாரிக்கிற மனுஷன். சிரிப்பு வந்தது. பொய் சொல்லக்கூடாது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அந்தப் பெருமையை மிக்கேல் அனுபவிக்க விடவில்லை. அவன் குழி விளிம்பில் குந்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்தான்.

"அர்ச்சிஷ்டவரும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது பாஷாணம்" என்று கத்தினான். "பாஷாணம் ஏறுன தோலுதான் இப்படி நிக்கும். நான் தெனமும் கையில தொட்டுப் பாக்கறவன். எங்கண்ணனுக்கு யாரோ பாஷாணம் வெச்சிருக்காங்க!"

அவன் மண்டியில் கப்பலுக்குப் போகிற ஆட்டுத்தோலைப் பாஷாணத் தண்ணீரில் முக்கிக் காயவைப்பார்கள். அப்படிச் செய்த தோலைப் புழுவும் வண்டும் தொடாது, எத்தனை மாசமானாலும் கெடாது. அவனுக்குத் தெரிந்த உலகம் அது. கெடாத தோலைப் பார்த்தால் அவனுக்குக் கடவுள் ஞாபகம் வராது, மண்டித் தொட்டிதான் ஞாபகம் வரும்.

யாரோ என்று அவன் சொன்னான். ஆனால் முழங்காலில் இருந்த பெண்கள் எல்லாம் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள். சோறு போடுகிறவளை விட்டு வேறு யாரைப் பார்ப்பார்கள்? சாமியார் கல்லை மூடச் சொல்லிவிட்டு, மாமியாருக்காகப் பக்கத்து மண்ணில் குழி வெட்டச் சொன்னார். கடைசிக் கைம்மண்ணைப் போட்டுவிட்டு மிக்கேல் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான்.

மறுநாள் என் இட்லி அப்படியே இருந்தது. ஷெட்டுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் திடீரென்று எதிர்ச்சாரி ஓரமாக நடக்கப் பிடித்துவிட்டது. "இன்னிக்கு ஊட்டுலயே சாப்பிட்டாச்சுங்க" என்று கேட்காமலே சொல்லிவிட்டுப் போனார்கள். எஞ்சின் டிரைவர் மாரியப்பன் ஒருத்தர் மட்டும் வந்து உட்கார்ந்தார். "எனக்குப் பொண்டாட்டியும் இல்ல, சொத்தும் இல்ல. என்னக் கொன்னு உனக்கு என்னம்மா ஆவப்போவுது? போடு" என்றார். அவருக்கு இரண்டு இட்லி கூடுதலாகப் போட்டேன்.

இன்ஸ்பெக்டர் தீர்த்தகிரி வீட்டுக்கே வந்தார். மரியாதையான ஆள். மரியாதையாகப் பேசுகிற போலீஸ்காரனைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

"கடைசியா என்ன சாப்பிட்டாரும்மா?"

"முந்தின நாள் மீன் கொழம்புங்க."

"ஆக்குனது?"

"நாந்தானுங்க. பக்கத்து ஊட்டுக்காரியா வந்து ஆக்குவா?"

"நீங்க சாப்பிடலயா?"

"பழைய கொழம்பு எனக்கு ஒத்துக்காதுங்க. பையன் சிநேகிதப் பசங்களோட மேட்டூர் டேம் பாக்கப் போயிட்டான்."

"ஆக, அவரு மட்டுந்தான் சாப்பிட்டாரு" என்றார். நான் சொன்னது அதேதான். ஆனால் அவர் வாயில் அது வேறு மாதிரி ஆகிவிட்டது.

அன்று மத்தியானம் என் புருஷனுக்கு வாந்தி பேதி எடுத்தது. விடிவதற்குள் போய்விட்டார். அந்தக் கோடையில் எங்கள் லைனில் வேறு வீடுகளிலும் காலரா எடுத்தது. உடனே புதைக்கச் சொன்னதே ஆஸ்பத்திரிக்காரர்கள்தான். இதையெல்லாம் சொன்னேன்.

"காலராவுக்கும் பாஷாணத்துக்கும் அடையாளம் கிட்டத்தட்ட ஒண்ணுதாம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "காலரா நடமாடுற நேரத்துல வெச்சா யாருக்கும் சந்தேகம் வராது. அன்னிக்குக் காலையில சண்டை போட்டீங்களாமே?"

"கல்யாணமான எந்த ஊட்டுலதானுங்க சண்டையில்ல?"

"என்ன சொன்னீங்க?"

யாகப்பன் கதவோரம் நின்றுகொண்டிருந்தான். அன்று காலையிலும் மேட்டூருக்குக் கிளம்பி அதே மாதிரி கதவோரம்தான் நின்றான். நான் சொன்னதைக் காதால் கேட்டவன். மறைக்க முடியாது.

"ஒரேயடியாப் போய்த் தொலைஞ்சீங்கன்னா எனக்கு நிம்மதின்னு சொன்னேனுங்க."

இன்ஸ்பெக்டர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்குத்தான் கோபம் தலைக்கேறியது. கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது.

"பாஷாணம் எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்கலீங்களே? இட்லிக் கடையிலயா விக்குது? புகார் குடுத்தவன் மண்டியில மூட்டை மூட்டையா இருக்குதுங்க. அவந்தான் அதுக்கு மேஸ்திரி. அண்ணனைப் பாக்க அடிக்கடி ஊட்டுக்கு வந்து போயிட்டிருந்தவன் அவன். அவனைக் கேளுங்க."

"கேப்பேன்" என்றார் அதே மரியாதையோடு.

அன்றைக்கு ராத்திரி யாகப்பன் சாப்பிட உட்காரவில்லை. ஷெட் கேண்டீனில் சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னான். சரி, மனசு சரியில்லை போல என்று விட்டுவிட்டேன். அடுத்த நாளும் அதே பதில். அதற்கடுத்த நாள் வயிறு மந்தம் என்றான். தண்ணீர்கூடத் தெருக்குழாயில் குடித்துவிட்டு வந்தான். ஆனால் காலையில் வேலைக்குப் போகும்போது நான் கட்டிக் கொடுக்கிற தூக்குப்போசியை மட்டும் வாங்கிக்கொண்டு போவான். சாயங்காலம் அது சுத்தமாகக் கழுவித் திரும்பி வரும். சரி, மத்தியானமாவது என் சோறு உள்ளே போகிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

கார்த்திகை பிறந்ததும் கல்லறையைச் சர்க்கார் முறைப்படி திறந்தார்கள். சப் மாஜிஸ்திரேட், இன்ஸ்பெக்டர், பெரியாஸ்பத்திரி டாக்டர், சாமியார், நாங்கள். உடம்பு இன்னாருடையது என்று நான் சொல்ல வேண்டும். சொன்னேன். மிக்கேலும் சொன்னான். நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை.

டாக்டர் நடுத்தர வயசுக்காரர், சிடுசிடுப்பானவர். உடம்பை விரலால் அழுத்திப் பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். பூச்சு எங்கே போட்டது, எப்போது போட்டது என்று என்னிடம் கேட்டார். பிறகு மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார், எங்களுக்கும் கேட்கிற மாதிரி.

"மண்ணுல பொதைச்சா காத்து இருக்கும், பூச்சி இருக்கும், தண்ணி வடிஞ்சிடும். உடம்பு அழுகிடும். இது சிமெண்டுத் தொட்டி. விரிசல் வழியா மழைத் தண்ணி உள்ள போயிருக்கு, வெளிய போக வழியில்ல, காத்தும் இல்ல. அந்த மாதிரி எடத்துல உடம்புக் கொழுப்பெல்லாம் ஒரு மாதிரி சோப்பா மாறி இறுகிடும். அதுதான் இது. புதுமையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

எனக்கு உயிர் வந்தது. "அப்ப பாஷாணம் இல்லீங்களே?" என்றேன்.

"உடம்பு கெடாம இருக்கறதுக்குப் பாஷாணம் தேவையில்லன்னுதான் சொன்னேன். பாஷாணம் குடுக்கலன்னு நான் சொல்லல. அதை மெட்ராஸ்ல கெமிக்கல் எக்ஸாமினர் பாத்துச் சொல்லணும்."

ஒரே மூச்சில் எனக்குக் கொடுத்ததை அடுத்த மூச்சில் வாங்கிக்கொண்டார். நான் யாகப்பனைத் திரும்பிப் பார்த்தேன். டாக்டர் சொன்ன முதல் பாதி அவன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

டாக்டர் தலைமயிர் எடுத்தார், கால் நகம் எடுத்தார், எலும்பில் ஒரு துண்டு, உள்ளே மிச்சமிருந்த ஈரல், முதுகுத் தோல், சட்டைத் துணி, தொட்டித் தண்ணீர், பூச்சு, சுற்றி இருக்கிற மண் என்று எல்லாவற்றையும் தனித்தனி ஜாடியில் போட்டு அரக்கு வைத்தார். கடைசியில் பெட்டியின் அடிப்பலகையைத் தூக்கச் சொன்னார். பலகை சேர்கிற இடுக்கில் வெள்ளையாக என்னவோ அப்பியிருந்தது. கத்தியால் சுரண்டி அதையும் ஒரு ஜாடியில் போட்டார்.

அந்த நேரம் தற்செயலாக மிக்கேலைப் பார்த்தேன். அவன் முகத்தில் ரத்தம் இல்லை. பக்கத்துக் கல்லறைச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தான். வேர்வை வழிந்தது. மழைக்காற்றில் அவனுக்கு என்ன வேர்வை?

அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவன்தான். பாஷாணம் இவன் கையில். சாகிறதுக்கு இரண்டு நாள் முன்னால் அண்ணனைப் பார்க்க வந்தவன் இவன். வெல்லம் கொண்டுவந்தான், வெல்லம்! திருடன்தான் முதலில் திருடன் திருடன் என்று கத்துவான். நான் தலை வாரி விட்ட பிள்ளை என் தாலியை அறுத்துவிட்டு என்னையே தூக்கில் போடப் பார்க்கிறான் என்று உடம்பு முழுக்க எரிந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது யாகப்பனிடம் சொன்னேன். "உங்க சித்தப்பன் மூஞ்சியப் பாத்தியா, அந்தப் பலகைய எடுத்தப்போ?"

"பாத்தேன்" என்றான். கொஞ்ச தூரம் நடந்தோம். "ரெண்டு பேரு மூஞ்சியையும் பாத்தேன்."

நான் நடையை எட்டிப் போட்டேன்.

மெட்ராசிலிருந்து பதில் வர வாரக்கணக்கில் ஆனது. கிறிஸ்துமஸ் வந்து போனது. எங்கள் வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை. கோயிலில் நான் உட்கார்ந்த வரிசையில் மற்றவர்களுக்கு இடம் போதாமல் போய், எல்லோரும் வேறு வரிசைக்கு மாறிக்கொண்டார்கள். மிக்கேலையும் ஊர் விடவில்லை. மண்டியில் பாஷாண அறைச் சாவியை அவனிடமிருந்து முதலாளி வாங்கிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். ஒளிப்பானேன், அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு நாள் காலை மாரியப்பன் இட்லியைப் பிட்டுக்கொண்டே, "ஏம்மா, உம் பையன் எதாச்சும் நேர்த்திக்கடன் வெச்சிருக்கானா?" என்று கேட்டார்.

"என்ன நேர்த்திக்கடனுங்க?"

"தெனமும் மத்தியானம் போசியத் தொறந்து, எஞ்சின் சாம்பல் கொட்டற குழியில நல்ல சோத்தக் கொட்டறானே. காக்காயெல்லாம் அவனுக்காகக் காத்துக் கெடக்குது. நான் காக்காய்க்கு வெக்கறானாக்கும்னு நெனச்சேன்."

வெகுளியான மனுஷன். என் முகத்தைப் பார்த்ததும்தான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. பாதி இட்லியோடு எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

தூக்குத்தண்டனை வரும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது எனக்கு அவ்வளவு பயமாக இருந்ததில்லை. செய்யாத குற்றத்துக்குச் சாகிறவர்கள் உண்டு, சாமி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடலாம். ஆனால் நான் பெற்ற பிள்ளை என் சோற்றைச் சாம்பலில் கொட்டிவிட்டு, எனக்குத் தெரியக்கூடாது என்று பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவருகிறான். அந்தக் கழுவின பாத்திரத்தை நினைத்தபோதுதான் எனக்கு நெஞ்சு வெடித்தது. அடுப்படியில் உட்கார்ந்து வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதேன்.

அவனைக் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பான். அடுத்த நாளும் சோறு கட்டிக் கொடுத்தேன். அவனும் வாங்கிக்கொண்டு போனான். சாயங்காலம் போசி பளபளவென்று வந்தது. இப்படியே நாங்கள் இரண்டு பேரும் அதைச் செய்துகொண்டிருந்தோம்.

தை கடைசியில் இன்ஸ்பெக்டர் ஆள் அனுப்பினார். ஸ்டேஷனில் டாக்டரும் இருந்தார். மிக்கேலும் அவன் பெண்டாட்டி இன்னாசிமேரியும் ஒரு பெஞ்சில். நானும் யாகப்பனும் எதிர் பெஞ்சில். மிக்கேல் பாதியாக இளைத்திருந்தான்.

"மெட்ராஸ்லருந்து ரிப்போர்ட் வந்துடுச்சு" என்றார் தீர்த்தகிரி. "பாஷாணம் இருக்கு."

யாகப்பன் என் பக்கத்திலிருந்து நகர்ந்தான். ஒரு விரற்கடைதான் நகர்ந்தான். எனக்குத் தெரிந்தது.

"முழுசாச் சொல்லுங்க" என்று டாக்டர் எரிந்து விழுந்தார். பிறகு அவரே சொன்னார். "பெட்டிப் பலகையிலதான் நெறைய இருக்கு. பலகையத் தொட்ட துணியில அதவிடக் கம்மி. துணி ஒட்டுன முதுகுத் தோலுல இன்னும் கம்மி. உள்ள ஈரலுக்குப் போனா இல்ல. எலும்புல இல்ல. தலைமயிருல இல்ல, நகத்துல இல்ல. வாய் வழியாப் போயிருந்தா மொதல்ல உள்ளதான் இருந்திருக்கணும். இது வெளியருந்து உள்ள ஊறிப் போயிருக்கு. அந்த மனுஷன் பாஷாணம் சாப்பிடல. அவரு படுத்திருந்த பலகைக்குத்தான் யாரோ பாஷாணம் பூசியிருக்காங்க."

"அதான் எனக்கு வேணும்" என்றார் இன்ஸ்பெக்டர். "செத்தவரோட பெட்டிக்குப் பாஷாணம் பூசினது யாரு? எதுக்கு?"

நான் மிக்கேலைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னாசிமேரி அவனைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் கண் பெரிசாகிக்கொண்டே போனது.

"ஏனுங்க" என்றாள் அவள். "அன்னிக்கு நீங்கதான மண்டியிலருந்து பொட்டணத்துல பொடி கொண்டாந்தீங்க? அத்தைகூட என்னடா அதுன்னு கேட்டாங்களே?"

மிக்கேல் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"கரையானுக்குங்க" என்றான். "அவசரத்துக்கு மாம்பலகையில பெட்டி செஞ்சாங்க. மாம்பலகைய ஒரே வருஷத்துல கரையான் தின்னுடும். எங்கண்ணனைக் கரையான் அரிக்கக்கூடாதுன்னு நாந்தான் தண்ணியில கரைச்சு அடியில பூசினேன். அன்னிக்குக் கல்லறையத் தொறந்தப்போ எங்கய்யா பெட்டி அப்பிடியே அரிச்சுப் போயிருந்துச்சுங்க, அதப் பாத்துட்டுத்தான்..."

"இதை ஏன்யா மொதல்லயே சொல்லல?"

"மறந்தே போச்சுங்க. சத்தியமா மறந்துட்டேன். டாக்டரய்யா பலகையச் சொரண்டுனப்பத்தான் ஞாபகம் வந்துச்சு." அவன் இன்னும் என்னைப் பார்க்கவில்லை. "அப்பச் சொன்னா என்னையத்தான் பிடிப்பீங்கன்னு பயந்துட்டேன். பாஷாணம் எங்கையில இருக்குதுன்னு அண்ணி ஏற்கெனவே சொல்லிட்டாங்க. உள்ளயும் பாஷாணம் இருந்துட்டா? அண்ணிதான் வெச்சாங்களோன்னும் சந்தேகம் போகல. என்ன வருதுன்னு பாக்கலாம்னு இருந்துட்டேன்."

என்ன வருதென்று பார்க்கலாம் என்று இருந்திருக்கிறான். அந்த வாரங்களெல்லாம் என் சோறு சாம்பல் குழிக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் எழுந்து போய் அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டேன். இன்ஸ்பெக்டர் தடுக்கவில்லை. மிக்கேலும் கையைத் தூக்கவில்லை.

"அண்ணி" என்றான்.

அண்ணன்மேல் இருந்த பாசத்தில்தான் பூசியிருக்கிறான். அது எனக்குத் தெரிகிறது. நானும் அவர் நல்லபடி இருக்கட்டும் என்றுதான் சிமெண்டுப் பூச்சுக்குச் சம்மதித்தேன். அவனைக் கொலைகாரன் என்று நானும் மனசார நம்பினேன். இதையெல்லாம் யோசித்துப் பார்த்தும் எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. பின்னால் வந்தாலும் வரலாம்.

காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு எங்களை அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்ததும் யாகப்பன் பேச ஆரம்பித்தான். பிறந்ததிலிருந்து அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. சித்தப்பா செய்தது தப்பு என்றான். டாக்டர் கெட்டிக்காரர் என்றான். கடையை இனி பெரிதாகப் போடலாம், பலகாரமும் செய்யலாம் என்றான். ஜங்ஷன் பக்கம் வந்தபோது எனக்கு ஒரு முழம் கனகாம்பரம் வாங்க ஓடினான்; நான் விதவை என்பது ஞாபகம் வந்து, பாதியில் திரும்பி வந்து அசடு வழிய நின்றான். நான் எல்லாவற்றுக்கும் "உம்" கொட்டிக்கொண்டு நடந்தேன்.

வழியில் மீன்காரியிடம் கெண்டை வாங்கினேன். வீட்டுக்கு வந்து புளி கரைத்து, அவனுக்குப் பிடித்த மாதிரி காரமாகக் குழம்பு வைத்தேன். உலையில் சோறு கொதிக்கும்போதே அவன் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தான். சட்டியிலிருந்து வாசனை எழும்பியதும் அவனே தட்டை எடுத்து வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"பசிக்குதும்மா" என்றான்.

எத்தனை நாளாகக் காத்திருந்தேன் அந்த வார்த்தைக்கு! கேட்டதும் மனசு நிறைந்துவிடும் என்று நினைத்திருந்தேன். நிறையவில்லை. மெட்ராசிலிருந்து ஒருவர் ஈரலையும் எலும்பையும் சோதித்துப் பார்த்துச் சொன்ன பிறகு என் பிள்ளைக்கு என் கையால் சாப்பிடப் பசிக்கிறது. அவர் வேறு மாதிரி எழுதியிருந்தால் பசித்திருக்காது.

தட்டு நிறையச் சோறு போட்டேன். குழம்பை ஊற்றினேன். நடுத்துண்டாகப் பார்த்து மீனை வைத்தேன். அவன் கையை நீட்டினான். நான் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவன் புரியாமல் பார்த்தான். சோற்றைப் பிசைந்து, மீனில் ஒரு துண்டு பிட்டு வைத்து, உருட்டி என் வாயில் போட்டுக்கொண்டேன். நன்றாக மென்று, அவன் பார்க்க விழுங்கினேன். பிறகு தட்டை அவன் பக்கம் தள்ளினேன்.

"நான் தின்னுட்டேன் சாமி" என்றேன். "கொஞ்ச நேரம் பொறுத்து, எனக்கு எதாச்சும் ஆவுதான்னு பாத்துட்டு நீ சாப்பிடு."

யாகப்பன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இரண்டு கையாலும் தட்டைப் பிடித்து இழுத்து, அழுதுகொண்டே, முள்கூடப் பார்க்காமல் வாய் நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டான். எப்போதும் அவன் சாப்பிடும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்று நச்சரிப்பேன். அன்றைக்கு நான் எழுந்து வாசல் பக்கம் போய்விட்டேன்.